உலகப் படத்தில் ஒரு நைட்டி

செவிலிமேட்டிலிருந்து பாலாற்றுப் பாலத்தை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தபோது மணி மூன்று இருக்கும். தோளில் பை. அதற்குள் ஆறு தூரிகைகள், இரண்டு லுங்கி, ஒரு சட்டை, மூடி சரியாக உட்காராத ஒரு நீல பெயின்ட் டப்பா. விரல் இடுக்கில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான், ஒரு பள்ளிக்கூடச் சுவரில் நான் வரைந்த ஒரு பெண்ணை நானே வெள்ளையடித்து மறைத்துவிட்டு வெளியே வந்திருந்தேன்.

டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. படியில் நின்ற கண்டக்டர், "ஏறுபா" என்றார். வேண்டாம் என்று கை காட்டினேன். எங்கே என்று அவர் கேட்டால் சொல்வதற்கு ஊர் ஒன்றும் இல்லை. பாலம் தாண்டினால் தெற்கே ஊர்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஏதாவது வேலை இருக்கும். ஒன்பது வருஷமாக அப்படித்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். செங்கல் சூளை, கோழிப் பண்ணை, லாரியில் கிளீனர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, நடுவில் கொஞ்சம் போர்டு எழுதக் கற்றுக்கொண்டது. பசித்த நாட்கள் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு இடம் பிடிக்காமல் போனால் பையை எடுப்பேன், நடப்பேன்.

இந்த இடம் பிடிக்காமல் போகவில்லை. அதனால்தான் பஸ்ஸில் ஏறாமல் நடந்தேன் என்று நினைக்கிறேன். நடந்தால் மெதுவாகத்தானே போக முடியும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த வேலை, உள்பக்கச் சுவரில் ஒரு உலகப் படம் வரைவது. நூலடித்துக் கட்டம் போட்டு, புத்தகத்தில் இருந்த சின்னப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினேன். கடை போர்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற முறைதான். ஆனால் கணக்கில் எங்கோ பிசகிவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குச் சுவரில் இடம் போதவில்லை, அது குழாயடித் தரைக்குப் போய்விட்டது. தண்ணீர் பிடிக்கிற பிள்ளைகள் தினமும் அதன்மேல் கால் வைத்து நின்றார்கள்.

நான் வரைந்த சுவருக்கு எதிரே ஏழாம் வகுப்பு. ஜன்னல் திறந்தே இருக்கும். அங்கே சமூக அறிவியல் எடுத்த ஆசிரியை ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முப்பது வயதுக்குள் இருக்கும். பிள்ளைகள் அவரை சோஷியல் மிஸ் என்பார்கள். உலகத்தில் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு பாடம். புத்தகத்தில் அது ஒரே ஒரு பத்திதான். அவர் அதை ஒரு மாதம் நடத்தினார். நான் வெளியே ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஆப்பிரிக்காவுக்குப் பச்சை அடித்தபடி அத்தனையும் கேட்டேன். ஸ்கூலில் உட்கார்ந்திருந்த காலத்தில்கூட நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் பெரிய போட்டோ ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இந்தம்மா என்ன பண்றாங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"குளிக்கிறாங்க மிஸ்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

"குளிக்கல. மூச்சைப் பிடிச்சிக்கினு கடலுக்கு அடியில போயி சிப்பி எடுத்துக்கினு வர்றாங்க. இவங்களுக்கு உங்க பாட்டி வயசு இருக்கும்."

அப்புறம் மலை நாட்டில் தொப்பி போட்டு ஆடு மேய்க்கிற ஒருத்தி. சந்தையில் துணி விற்கிற ஆப்பிரிக்கப் பெண். சேற்றில் குனிந்து நாற்று நடுகிற நான்கு பேர். மண் பாதையில் குடம் சுமக்கிறவர்கள்.

"மிஸ், எல்லா நாட்டுலயும் தண்ணி பொம்பளைங்கதான் தூக்கணுமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"உங்க வீட்டுல யாரு தூக்குறாங்க?"



அதற்கு அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். தாளில் பெரிய வட்டம், அதில் இருபத்து நான்கு துண்டுகள். அம்மாவின் ஒரு நாளை அதில் நிரப்ப வேண்டும். வேலை என்றால் சிவப்பு, தூக்கம் என்றால் நீலம், ஓய்வு என்றால் மஞ்சள். மறுநாள் தாள்கள் வந்தன. ஒல்லியான ஒரு பெண், ஓரிக்கைப் பக்கத்து நெசவாளி வீட்டுப் பிள்ளை, அவள் தாளில் காலையும் இரவும் கொஞ்சம் சிவப்பு, நடுவில் முழுக்க மஞ்சள். மஞ்சள் மேல் 'சும்மா' என்று எழுதியிருந்தாள்.

"இவ்ளோ நேரம் சும்மாவா இருப்பாங்க உங்கம்மா?" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ். அப்பா நெய்வாரு. அம்மா சும்மா அவரு பக்கத்துல உக்காந்துக்கினு இருப்பாங்க."

"உக்காந்துக்கினு?"

"கரைக்கு நாடா போட்டுக்கினு இருப்பாங்க."

"எவ்ளோ நேரம்?"

"அப்பா எழுந்திரிக்கிற வரைக்கும்."

மிஸ் சிவப்பு பென்சிலை எடுத்து அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். அவள் மஞ்சள் மேல் சிவப்பைத் தேய்த்தாள். அது காவி நிறமாக வந்தது.

அன்று மதியம் மிஸ் வெளியே வந்தபோது, எனக்கும் ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் மனைவி என்னை விட்டுப் போகவில்லை, நான்தான் விட்டு வந்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுடைய நாளை நிரப்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு மணி: தண்ணீர் பிடிப்பாள். ஐந்து: வாசல் தெளிப்பாள். ஆறு: அடுப்பு. ஏழு மணிக்கு நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏழுக்குப் பிறகு எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருஷம் கூட இருந்தவன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உலகப் படத்தில் அங்கங்கே ஒரு பெண்ணை வேலை செய்கிற மாதிரி வரைய வேண்டும் என்பது மிஸ்ஸுடைய யோசனை. தாளாளரும் சரி என்றார். கடலில் மூழ்குகிறவள், மேய்க்கிறவள், விற்கிறவள் எல்லோரையும் போட்டோ பார்த்து வரைந்தேன். இந்தியாவுக்கு எதையும் பார்க்கவில்லை. இந்த ஊரில் போர்டு எழுதினவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருகிற படம் ஒன்று உண்டு. பட்டுப் புடவை, விரித்த முந்தானை, கூப்பிய கை. அதைத்தான் வரைந்தேன்.

அந்த ஒல்லிப் பெண் தண்ணீர் பிடிக்க வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "பெயின்டர் அண்ணா, இவங்க மட்டும் சும்மா நிக்கிறாங்களே."

ஜன்னலோரம் நின்ற மிஸ் சிரித்துவிட்டார். "கேட்டீங்களாண்ணா? அழிச்சிட்டு இவங்கம்மாவ வரைங்க."

தறி எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். ஸ்கூலில் தறி படம் போட வேண்டும், பார்க்கலாமா என்று நெசவாளியிடம் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். புடவையின் உடல் அரக்கு, கரை பச்சை. உடலுக்கான நூல் சுற்றிய நாடாக்கட்டையை அவர் வீசினார். ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவை அவருக்கு வலப்பக்கம் பலகையில் உட்கார்ந்து அவர் மனைவி போட்டார். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு நிறமும் கரை ஓரத்தில் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினாலும் தறி நின்றுவிடும். அந்த அம்மா பூப்போட்ட நைட்டி அணிந்து, தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கை நிற்கவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் வரைந்தேன். நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். நைட்டியின் பூ, துண்டு, கொண்டையில் சொருகிய ஊக்கு, நாடா பிடித்த கை. மற்றவர்களை எல்லாம் போட்டோவில் பார்த்தேன், இவரை நேரில் பார்த்தேன் என்று எனக்குப் பெருமை. பிள்ளைகள் பார்த்ததும் அது யார் அம்மா என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்த அம்மா பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டி வந்திருந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். நான் ஸ்டூல் மேல் இருந்தேன். சுற்றி நின்ற அம்மாக்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாருண்ணா?" என்றார் அந்த அம்மா.

"நீங்கதாம்மா."

"அது தெரியுது." கொஞ்ச நேரம் எல்லாப் படங்களையும் பார்த்தார். "அந்த மலைக்காரம்மாவுக்கு இன்னா அழகா தொப்பி, சால்வை. இந்தம்மாவுக்குத் தலையில எவ்ளோ நல்ல துணி. எனக்கு மட்டும் நைட்டியா?"

"வீட்ல அப்படித்தானேம்மா இருந்தீங்க."

"அவங்க மட்டும் வீட்ல அந்தத் தொப்பியோடதான் படுத்துக்குவாங்களா? போட்டோ எடுக்கப் போறோம்னு யாரோ சொல்லியிருப்பாங்க. கட்டிக்கினு வந்து நின்னிருப்பாங்க. எங்கிட்ட யாரு சொன்னது? கேட்டிருந்தா பொட்டியில இருக்கிற கல்யாணப் புடவைய எடுத்துக் கட்டிக்கினு உக்காந்திருப்பேன்ல."

மேலே புடவை மாதிரி பூசிவிடுகிறேன் என்றேன்.

"மேல பூசினா? பாத்தவங்க பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு உட்காராமலே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் அந்தப் பெண்ணை 'நைட்டி' என்று கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை அவள் அப்பா வந்து, "எம் பொண்டாட்டிய ஊரே பாக்கிறதுக்கா ஸ்கூல் வெச்சிருக்கீங்க?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். மறுநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, சுண்ணாம்பு இருக்கிறது, இப்போதே அடித்துவிடு என்றார். மிஸ்ஸிடம், "போர்ஷனை முடிங்கம்மா, பொம்பளைங்க கதை போதும்" என்றார்.

அடித்தேன். ஒரு தடவை போதவில்லை. நைட்டியின் பூ வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை அடித்ததும் இந்தியாவின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் நின்றது.

பையோடு கேட்டுக்கு வந்தபோது மிஸ் அங்கே நின்றிருந்தார்.

"அந்தப் பொண்ணும் அவங்கம்மாவும் திருமுக்கூடல் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களாம். இனிமே வரவே மாட்டாங்கன்னு பசங்க சொல்லுது. பொண்ண அங்கயே ஸ்கூல்ல சேத்துடுவாங்களாம்." பிறகு கேட்டார். "நீங்க எங்க போறீங்க?"

"பாலம் தாண்டிப் போலாம்னு."

"உங்களுக்கு ஈஸிண்ணா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பாலத்தின் நடுவில் நின்றேன். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் போனது. அதில் இரண்டு எருமைகள் நின்றன. இப்படி நடுப்பாலத்தில் நான் எத்தனையோ ஊரில் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் பின்னால் யாரும் என்னால் எதையும் இழந்துவிட்டு நின்றதில்லை, அல்லது நின்றார்களா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. சட்டைப் பையில் தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று துண்டு சிவப்பு, மற்றது வெள்ளை. அந்தச் சுவரைப் போலவே இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். நம்பர் இருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு போன் போட்டு, ஏழு மணிக்கு மேல் என்ன செய்வாய் என்றா கேட்பது?

தாளை மடித்து வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

நெசவாளி வீட்டில் இல்லை. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் அந்த நேரத்துக்குத் தறிக்காரர் யாரும் டீக்கடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"வாபா ஆர்ட்டிஸ்ட்டு" என்றார். "இன்னும் யார் வீட்ல எட்டிப் பாக்கணும்?"

"தப்பு என்னுதுதாண்ணா. மன்னிச்சிடுங்க."

"உன் மன்னிப்ப நாடாவுல சுத்தி ஓட்டட்டுமா? முகூர்த்தப் புடவ, பாதியில நிக்குது. கரைக்கு ஆளில்ல. தெருவுல அவனவன் வீட்டுப் பொம்பளைங்க அவனவன் தறியில உக்காந்துக்கினு இருக்காங்க, எனக்கு யாரு வருவா?"

டீக்கடைக்காரர் எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்.

"படம் கூட அவளுக்குப் பெருசா இல்லபா" என்றார் நெசவாளி, குரலைத் தாழ்த்தி. "திங்கக்கிழம வரைக்கும் அழுதுக்கினே இருந்தா. எனக்குக் கோவம். சும்மா கெடக்கிறவளுக்கு சுவத்துல படம் ஒரு கேடான்னு கேட்டுட்டேன். அழுகைய நிறுத்திட்டா. சும்மா கெடக்கிறவ எங்க கெடந்தா இன்னான்னு சொல்லிட்டு, பொண்ணையும் கூட்டிக்கினு பஸ் ஏறிட்டா. போன எடுக்க மாட்டேங்கிறா."

நான் டீயைக் குடித்து முடித்தேன். "கரைக்கு நான் உக்காரட்டுமாண்ணா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "யோவ், அது பொம்பளைங்க வேலைபா."

சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர், "வேலைன்றியே இப்ப" என்றார். நெசவாளி அவரை முறைத்தார். அப்புறம் என்னிடம், "ஆறு மணிக்கு வா. கைய நல்லாக் கழுவிக்கினு வா, பட்டுல சுண்ணாம்பு பட்டுச்சின்னா ஒழிச்சிடுவேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து குழாயில் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன்.

ஆறு மணிக்குப் பலகையில் உட்கார்ந்தேன். அந்த அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து பலகை ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது. நான் உட்கார்ந்தால் முழங்கால் தறிக்கட்டையில் இடித்தது. நெசவாளி மிதிகட்டையை மிதித்தார், இழைகள் பிரிந்தன, அவர் நாடா போனது, நான் என் நாடாவை விட்டேன். முதல் பத்து இழைக்குள் மூன்று தடவை தறி நின்றது. கரை ஓரம் லொடலொடவென்று இருந்தது. அவர் பிரித்தார், திரும்பவும் நெய்தார், திரும்பவும் பிரித்தார். அரை மணி நேரத்தில் என் இடுப்பு விட்டுப்போயிற்று.

"அவ போட்டா இறுக்கமா வரும். நீ போட்டா வர்ல."

"அவங்க எப்படிப் போடுவாங்க?"

"எப்படின்னா? போடுவா." மேலே சொல்லத் தெரியாமல் அவர் நிறுத்தினார். அவருடைய கண் எப்போதும் அவருடைய நாடாவில்தான் இருந்திருக்கும்.

கடைசியில் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மடியில் வைத்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, "இன்னா?" என்ற குரல்.

"கரை ஓரம் தொங்குதுமா. நூல் நிக்கல."

"யாரு உக்காந்துக்கினு இருக்கா?"

"அந்த ஆளுதான். படம் போட்டவன்."

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சிரிப்பு, மூக்கு வழியாக வந்த மாதிரி. "கொடியில என் நைட்டி காயுது. எடுத்து அவர மாட்டிக்கச் சொல்லுங்க. அப்பதான் கரை நிக்கும்."

நெசவாளி சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

"அண்ணா, கேக்குதா?" என்றது குரல். "நாடா வெளிய வந்ததும் விட்டுடாதீங்க. சுண்டு விரலால நூல ஒரு தரம் இழுத்துப் புடிங்க. அவரு மிதிக்கிற வரைக்கும் புடிச்சிக்கினே இருங்க. அப்புறம்தான் விடணும்."

"சுண்டு விரலா?" என்றார் நெசவாளி. "இத நீ சொன்னதே இல்லியே."

"நீங்க கேட்டதே இல்லியே."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு ஸ்கூலு போவுதுமா."

"திங்கக்கிழம அவ ஸ்கூலுக்கு வருவா. எங்கண்ணன் கூட்டிக்கினு வந்து விடுவான்."

"நீ?"

"நான் இங்க சும்மாதான இருக்கேன். பாக்கலாம்." போன் நின்றது.

என்னுடைய படத்தில் அந்தக் கையை நான் எப்படி வரைந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நாடாவை நான்கு விரலும் சேர்ந்து பிடித்திருந்தன. சுண்டு விரல் உள்ளே மடங்கியிருந்தது. அதுதான் நான் வரைந்ததிலேயே நல்ல கை என்று நினைத்திருந்தேன்.

அவர் மிதித்தார். நாடாவை விட்டு, சுண்டு விரலால் நூலை இழுத்துப் பிடித்தேன். விரலில் கோடு விழுந்தது. அவர் அடுத்த மிதி மிதித்ததும் விட்டேன். ஓரம் நின்றது.

"அந்தம்மா வர்ற வரைக்கும் உக்காருபா" என்றார் அவர், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி என்றேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்போம் என்று நான் கேட்கவில்லை. அவர் எழுந்திருக்கிற வரைக்கும்தான்.